எரிவாயுக் குழாய் வராத வீட்டைச் சூடாக்க மலிவான வழி எது?

2023 ஒக்ரோபர் 22 (கேள்வி)

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, இந்த வருடம் ஒன்ராறியோவிலேயே பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பழைய வீடு வாங்கி வந்திருக்கிறோம். எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. நிலக்கீழ் அறையில், வீடு முழுவதற்கும் சூடுகாற்று அனுப்பும் எண்ணெய் ஃபேர்னஸ் ஒன்றும் 900 லீற்றர் தாங்கியும் இருக்கின்றன. பின்னால் கட்டிச் சேர்த்த இரண்டு அறைகளில், சுவரடியில் பூட்டிய மின்சார பேஸ்போர்ட் ஹீற்றர்கள். முதல் தடவை எண்ணெய் நிரப்பிய பில்லைப் பார்த்ததும் எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. தாங்கியில் நிரப்பும் புரொப்பேன் வாயுவுக்கு மாறினால் பாதிச் செலவுதான் என்று ஒரு நிறுவனத்தார் வீட்டுக்கே வந்து சொல்கிறார்கள். வயதான அம்மா எங்களோடு இருப்பதால் வீட்டைக் குளிர விட முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2023 ஒக்ரோபர் 23 (பதில்)

அந்தப் புரொப்பேன் நிறுவனத்தாரின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நான் இருப்பது லின்ட்சேக்குப் பக்கத்தில், 1978இல் கட்டிய வீட்டில். 2019இல் வாங்கினோம். முதல் மூன்று குளிர்காலமும் எண்ணெயில்தான் சூடாக்கினோம்; கடைசி வருடம் மட்டும் 2,300 லீற்றர் போனது. அந்த நாட்களில் நானும் உங்களைப் போல லீற்றருக்கு என்ன விலை என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். லீற்றர் விலையை வைத்து ஒன்றையும் ஒப்பிட முடியாது. ஒரு லீற்றர் எண்ணெயில் இருக்கும் சூடு வேறு, ஒரு லீற்றர் புரொப்பேனில் இருக்கும் சூடு வேறு. எல்லாவற்றையும் மின்சார பில்லில் வரும் யூனிற்றுக்கு, அதாவது ஒரு கிலோவாற் மணிக்கு, மாற்றினால்தான் உண்மை தெரியும்.

ஒரு லீற்றர் எண்ணெயில் ஏறத்தாழ 10.6 யூனிற் சூடு இருக்கிறது. பழைய ஃபேர்னஸ் அதில் 80 சதவீதத்தை வீட்டுக்குள் தரும், மிச்சம் புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். லீற்றர் 1.75 டொலர் என்றால், வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு யூனிற் சூட்டின் விலை இருபது சதத்துக்குச் சற்று மேல். புரொப்பேன் லீற்றருக்கு 7 யூனிற்தான். புது ஃபேர்னஸ் 95 சதவீதம் தரும் என்று வைத்து, லீற்றர் 85 சதத்துக்குக் கிடைத்தால், ஒரு யூனிற் பதின்மூன்று சதம். உங்கள் பின் அறைகளில் இருக்கும் பேஸ்போர்ட் ஹீற்றர், வாங்கும் ஒவ்வொரு யூனிற்றையும் முழுதாகச் சூடாக மாற்றிவிடும். என் பில்லை மொத்த யூனிற்றால் வகுத்தால் அதுவும் பதின்மூன்று சதம். வெளியிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளும் ஹீற் பம்ப், குளிர்காலம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், ஒரு யூனிற் மின்சாரத்துக்கு 2.4 யூனிற் சூடு தருகிறது. அதன்படி ஐந்தரைச் சதம்.

ஆகவே அந்த நிறுவனத்தார் சொன்ன பாதிச் செலவு லீற்றர் விலையில் மட்டும்தான் பாதி. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புரொப்பேன் ஃபேர்னஸ் வைத்தால், ஏற்கெனவே சுவரில் இருக்கும் பேஸ்போர்ட் ஹீற்றர் தரும் அதே விலைச் சூட்டைத்தான் வாங்குவீர்கள். ஒப்பந்தத்தில் தாங்கி யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். தாங்கி வாடகைக்கு என்றால் அதை வைத்த நிறுவனம் மட்டுமே நிரப்பலாம். பக்கத்து ஊரில் மலிவாகக் கிடைத்தாலும் நீங்கள் வாங்க முடியாது. என் மைத்துனர் ஒருவர் அப்படி ஐந்து வருட ஒப்பந்தத்தில் அகப்பட்டுக்கொண்டார்.

இன்றைக்கே, காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரவில் தெர்மோஸ்ராற்றை நான்கைந்து பாகை குறைத்து வையுங்கள்.

2023 ஒக்ரோபர் 24

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பதின்மூன்று சதம் என்று கணக்கிட்டபோது, மாதந்தோறும் கட்டும் நிரந்தரக் கட்டணத்தையும் சேர்த்துவிட்டேன். வீட்டை எண்ணெயில் சூடாக்கினாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும். அதைக் கழித்தால் கூடுதலாக எரிக்கும் ஒரு யூனிற் எனக்குப் பதினொரு சதம் அளவில்தான் வருகிறது. புரொப்பேனுக்கு எதிரான என் கருத்து இதனால் இன்னும் பலப்படுகிறது.

2023 நவம்பர் 11

எல்லோரும் எந்த மெஷின் வாங்குவது என்றே கேட்கிறீர்கள். வீடு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் மூன்று வருடம் கேட்கவில்லை.

எங்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது சாமி அறை ஊதுவத்திதான். காற்று பலமாக வீசிய ஒரு மாலையில் மனைவி விளக்கேற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊதுவத்திப் புகை நேரே மேலே போகவில்லை. ஒரு சாண் உயரம் எழுந்து, அங்கே வளைந்து, சுவரிலிருந்த மின்பிளக்கின் எதிர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டு போனது. பிளக்கின் துளைகளிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது; கையை வைத்தால் ஊசி குத்துவது போலக் குளிர்ந்தது. அன்றிரவே அதே ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். யன்னல்களில்தான் மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே புகை அவ்வளவாக அசையவில்லை. நிலக்கீழ் அறையில், அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடத்தில், புகை துண்டு துண்டாகச் சிதறியது. கூரைக்கு ஏறும் மூடியைச் சுற்றிப் புகை மேலே உறிஞ்சப்பட்டது. கழிவுநீர்க் குழாய் கூரைக்குள் நுழையும் இடத்தில் என் கைவிரல் போகும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது.

சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியே வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்காற்று உள்ளே வருகிறது. அதனால் மேலும் கீழும் அடைத்த பிறகுதான் நடுவிலிருக்கும் யன்னலைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமைகளும் 340 டொலரும் செலவாயின: தடித்த நுரைப்பலகைத் துண்டுகள், டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை, மூடிக்கு ரப்பர் பட்டி. அதன் பிறகு கூரைக்குள் வெப்பக் காப்பை ஆர் 60 அளவுக்கு (ஆர் எண் கூடக் கூடச் சூடு வெளியே போவது குறையும்) உயர்த்த ஆள் பிடித்தோம். அதற்கு 1,900 டொலர்.

வாசலில் பெரிய விசிறியை வைத்து வீட்டின் காற்றுக் கசிவை அளக்கும் சோதனையை முன்பும் பின்பும் செய்தார்கள். சோதனை அழுத்தத்தில், மணிக்கு 9.2 தடவை வீட்டுக்காற்று முழுவதும் மாறிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தபின் 5.6. அந்த வருடம் சூட்டின் தேவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

ஓர் எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீடென்றால், கூரைக்குள் ஏறும் முன் தலையை மட்டும் நீட்டி விளக்கடித்துப் பாருங்கள். மைக்கா போல மின்னும் சிறு கற்கள் கொட்டிக் கிடந்தால் அது வேர்மிக்குலைற் என்ற பழைய வெப்பக் காப்பு. அதில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) கலந்திருக்கலாம். தொடாமல், துடைக்காமல், மூடியைச் சாத்திவிட்டுப் பரிசோதிக்க ஆள் கூப்பிடுங்கள்.

2023 டிசெம்பர் 3

ஹீற் பம்ப் கனடாக் குளிருக்குச் சரிவராது என்று இங்கே இருவர் உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். பத்து, பதினைந்து வருடங்களுக்கு முந்தைய மெஷின்களைப் பற்றி என்றால் அது பெருமளவு சரிதான். குளிர்நாட்டுக்கென்று இப்போது வரும் வகைகள் கழித்தல் 25 பாகையிலும் வேலை செய்கின்றன. ஆனால் எல்லாக் குளிரிலும் ஒரே அளவில் தருவதில்லை. வெளியே பூச்சியத்துக்கு மேல் இருக்கும்போது ஒரு யூனிற்றுக்கு மூன்றுக்கு மேல் தருவது, கழித்தல் 15இல் இரண்டுக்குக் கிட்ட இறங்கிவிடும். அப்போதும் பேஸ்போர்ட்டின் இரண்டு மடங்கு. நான் சொன்ன 2.4 என்பது நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்ந்த சராசரி.

எங்களுடையதை 2022 புரட்டாதியில் பூட்டினோம். எண்ணெய் ஃபேர்னஸ் இருந்த இடத்தில், அதே காற்றுக்குழாய்களில் இணைத்தார்கள். 14,000 டொலர், மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியமாக 5,000 திரும்பி வந்தது. முதல் குளிர்காலத்தில் சூட்டுக்கு மட்டும் போன மின்சாரம் ஏறத்தாழ 700 டொலர், விறகு 400. எண்ணெயின் கடைசி வருடத்தில் 3,400 கட்டியிருந்தேன்.

2024 ஜனவரி 21

மேலே ஒக்ரோபர் 23இல், இரவில் நான்கைந்து பாகை குறைத்து வையுங்கள் என்று எழுதினேன். எண்ணெய் ஃபேர்னஸுக்கு அது சரி. ஹீற் பம்ப் வைத்திருப்பவர்கள் அதைச் செய்யாதீர்கள். என் வார்த்தையைக் கேட்டு அப்படிச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடும் குளிர் அடித்த இந்த வாரம் மின்பாவனையை மணி மணியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரவு 17 பாகைக்கு இறக்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு 21க்கு ஏற்றினால், மெஷினால் அவ்வளவு தூரம் சீக்கிரம் ஏற முடியாது. அதற்குள் துணைக்கு வைத்திருக்கும் 10 கிலோவாற் மின்கம்பிச் சூடாக்கி தானாகவே எரியத் தொடங்கிவிடுகிறது. அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். இரவு முழுவதும் மிச்சம் பிடித்ததை விடியற்காலை ஒன்றரை மணித்தியாலத்தில் அது தின்றுவிடுகிறது. இப்போது இரவு பகல் 20இலேயே விட்டிருக்கிறேன். மெஷின் சத்தமில்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாவனையும் குறைந்துவிட்டது.

இன்னொரு பிழை மெஷினைப் பூட்ட வந்தவர்களுடையது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அதில் பங்குண்டு. வெளிப்பெட்டியை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், பீலி இல்லாத கூரை விளிம்பின் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். குளிரில் இந்தப் பெட்டியின் மேல் உறைபனி படியும். சில நிமிடம் தன்னைத் தானே சூடாக்கி அதை உருக்கி வடிக்கும். அப்போது வெள்ளை நீராவி குபுகுபுவென்று எழும்புவதைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். வடிந்த நீர் எங்கள் பெட்டியின் கீழே உறைந்து, நாளுக்கு நாள் தடித்து, கடைசியில் அடித்தட்டைத் தொட்டது. கூரையிலிருந்து சொட்டிய நீரும் மேலே விழுந்து பனிக்கட்டியானது. ஒருநாள் காலை விசிறி பனிக்கட்டியில் உராயும் சத்தம், கத்தி தீட்டுவது போல, படுக்கையறை வரை கேட்டது. நிறுத்திவிட்டு வெந்நீர் ஊற்றி விடுவித்தேன். இப்போது பெட்டி இரும்புச் சட்டத்தின் மேல், முழங்காலுக்கு மேல் உயரத்தில் நிற்கிறது, மேலே ஒரு சிறு சாய்கூரை. பூட்டும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

2024 பெப்ரவரி 9

2021இல் தொடங்கிய கிரீனர் ஹோம்ஸ் மானியம் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. நான் சொன்ன 5,000 டொலர் இனி விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. மானியத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களை நினைக்க மனம் வருந்துகிறது. கசிவு அடைக்கும் வேலைக்கு மானியம் தேவையில்லை, அதை நிறுத்தாதீர்கள்.

2024 மே 19

விறகைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அடுத்த குளிர்காலத்து விறகை வாங்கும் காலம் இதுதான், ஒக்ரோபர் அல்ல.

முதலில் அளவு. புஷ் கோட் என்பது நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளம். ஃபேஸ் கோட் என்பது அதே உயரம், அதே நீளம், ஆனால் ஆழம் ஒரு விறகின் நீளம் மட்டும், அதாவது 16 அங்குலம். மூன்று ஃபேஸ் கோட் சேர்ந்தால்தான் ஒரு புஷ் கோட். விளம்பரத்தில் வெறுமனே கோட் என்று போட்டிருப்பார்கள். நான் முதல் வருடம் 180 டொலருக்கு முழுக் கோட் வாங்கிவிட்டேன் என்று மகிழ்ந்து, அடுக்கி முடித்து அளந்து பார்த்தபோது ஆழம் 16 அங்குலம்தான் இருந்தது.

நன்கு காய்ந்த மேப்பிள் ஒரு புஷ் கோட்டில் ஏறத்தாழ 7,000 யூனிற் சூடு இருக்கும்; நல்ல விறகடுப்பு அதில் 70 சதவீதத்தை வீட்டுக்குத் தரும். 400 டொலருக்கு வாங்கினால் யூனிற் எட்டுச் சதம். ஹீற் பம்பை விட அதிகம், எண்ணெயை விட மிகக் குறைவு. ஆஷ் மரங்களைப் பச்சை வண்டு கொன்றுவிட்டதால் அந்த விறகும் இப்போது நிறையக் கிடைக்கிறது, ஆனால் பக்கத்து ஊரில் வாங்குங்கள். தூரத்திலிருந்து ஏற்றி வந்தால் வண்டும் கூடவே வரும்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முப்பது டொலர் ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிமுகம் பொய் சொல்லும். ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தார் போலப் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். அடுப்பு வைத்தால் காப்புறுதி நிறுவனம் விறகடுப்புகளைப் பரிசோதிப்பதற்கான வெற் (WETT) சான்றிதழ் பெற்றவரின் பரிசோதனையைக் கேட்கும். அதைச் சுமையாக நினைக்க வேண்டாம். எங்கள் பழைய புகைபோக்கியில் வெடிப்பு இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

நம் வீடுகளுக்கென்று ஒரு விடயம். மீன் பொரிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போடுகிறோம். கசிவெல்லாம் அடைத்த வீட்டில் அது வேறெங்கிருந்தும் காற்றை இழுக்க முடியாமல், விறகடுப்பின் புகைபோக்கி வழியே இழுக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விறகடுப்புப் புகை வரவேற்பறைக்குள் திரும்பி வந்தது, கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறியது. அம்மா நித்திரையாக இருந்தார். இப்போது உறிஞ்சி ஓடும் நேரமெல்லாம் குசினி யன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கும். எரிபொருள் எரியும் வீடுகளில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அந்த அலாரம் ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் வையுங்கள்.

2024 நவம்பர் 17

நள்ளிரவுக் குறைந்த கட்டணத் திட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அது மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் என்று பதில் சொன்னேன். இரண்டு மாதமாக நானே அதில் இருக்கிறேன். அப்படிச் சொன்னது தவறு.

2024 நவம்பர் விலைப்படி, இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை ஒரு யூனிற் 2.8 சதம், விநியோகக் கட்டணம் வேறு. பதிலுக்கு, வேலை நாட்களில் மாலை நான்கிலிருந்து ஒன்பது வரை 28.4 சதம். மின்சாரத்தில் மட்டும் சூடாக்கும் வீட்டுக்கு அந்த ஐந்து மணித்தியாலம் ஆபத்து. எங்களிடம் விறகடுப்பு இருப்பதால் ஒரு வழி கிடைத்தது. இரவு முழுவதும் ஹீற் பம்ப் வீட்டை 21.5இல் வைத்திருக்கும். பின்னேரம் மூன்றரைக்கு அம்மா அடுப்பை மூட்டுவார், நான்கு மணிக்குத் தெர்மோஸ்ராற் தானாக 18க்கு இறங்கும், ஒன்பது வரை விறகுதான். ஊரில் விடியற்காலையில் அடுப்பு மூட்டிய கை, இங்கே பின்னேரத்தில் மூட்டுகிறது. அவர் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விறகடுப்பு இல்லாதவர்கள் இந்தத் திட்டத்துக்கு மாறும் முன் தங்கள் மாலைப் பாவனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 6

மின்சாரம் நேற்று முன்தினம்தான் வந்தது. மார்ச் 29 சனிக்கிழமை இரவு போனது.

வெளியே உறைமழை பெய்து, ஒவ்வொரு கிளையிலும் விரல் தடிப்புக்குப் பனிக்கட்டி ஏறியிருந்தது. இரவு முழுவதும் மரங்கள் முறியும் சத்தம், வேட்டுச் சத்தம் போலவே. அந்தச் சத்தத்தை வேறொரு காலத்தில் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அம்மா விடியும் வரை கண் மூடவில்லை.

ஆறு நாள் ஹீற் பம்ப் வெறும் பெட்டியாக நின்றது. எண்ணெய் ஃபேர்னஸ் இருந்திருந்தாலும் அதுவும் நின்றிருக்கும். அதன் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். புரொப்பேன் ஃபேர்னஸும் அப்படியே. வரவேற்பறையின் இரண்டு வாசல்களிலும் கம்பளி தொங்கவிட்டு, ஐந்து பேரும் விறகடுப்பைச் சுற்றிப் படுத்தோம். அந்த அறை 19 பாகைக்குக் கீழே போகவில்லை, மற்ற அறைகள் 8 வரை இறங்கின. குளியலறைக் குழாய்களை மெல்லிய தாரையாக ஓட விட்டோம். கசிவு அடைத்திருக்காவிட்டால் அந்த ஒரு அடுப்பு போதியிருக்காது.

விறகை மலிவுக்காக மட்டுமே வைத்திருப்பதாக நான் முன்பு எழுதிய தொனி இப்போது எனக்கே சரியாகப் படவில்லை. எட்டுச் சதமோ பன்னிரண்டு சதமோ, மின்சாரம் இல்லாமல் எரியும் ஒன்று இந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். கரி அடுப்பையும் பார்பிக்கியூவையும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். ஜெனரேற்றரை யன்னல்களிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள்.

2025 ஏப்ரல் 8

புரொப்பேன் கணக்கு மாறிவிட்டது. எரிபொருளுக்கு மத்திய அரசு அறவிட்டுவந்த கார்பன் கட்டணம் ஏப்ரல் 1 முதல் எடுக்கப்பட்டதால் லீற்றருக்குப் பன்னிரண்டு சதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. நான் முதலில் வைத்த 85 சதம் 73 ஆகிறது என்று கொண்டால், யூனிற் பதினொரு சதம். பேஸ்போர்ட்டுக்குச் சமம். ஹீற் பம்புக்கு இன்னமும் இரண்டு மடங்கு. புரொப்பேன் ஃபேர்னஸ் ஏற்கெனவே இருப்பவர்கள் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. கழித்தல் 15க்குக் கீழே அதையும் மற்ற நாட்களில் ஹீற் பம்பையும் ஓட விடலாம்.

2025 நவம்பர் 30

இந்த இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். புரொப்பேன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை, இரண்டு வருடம் கசிவுகளை அடைத்தார்கள், இந்த இலையுதிர்காலத்தில் ஹீற் பம்ப் பூட்டியாயிற்று, எண்ணெய்த் தாங்கியையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய அம்மாவின் அறை இப்போது 21 பாகையில் நிற்கிறதாம். மிகவும் மகிழ்ச்சி. மானியம் தேடும் மற்றவர்கள், ஒன்ராறியோ 2025 ஜனவரியில் தொடங்கிய வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். வெப்பக் காப்புக்கும் ஹீற் பம்புக்கும் அதில் உதவி உண்டு.

அவர் அனுப்பிய படத்தில் ஒன்றைக் கவனித்தேன். தாங்கி இல்லை, ஆனால் வெளிச்சுவரில் எண்ணெய் நிரப்பும் குழாயின் மூடி அப்படியே இருக்கிறது. உடனே அதை எடுக்கச் சொல்லுங்கள். பழைய முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டோ, இலக்கம் மாறியோ ஒரு எண்ணெய் லொறி வந்து அந்தக் குழாயில் ஊற்றினால், நூற்றுக்கணக்கான லீற்றர் எண்ணெய் நேரே உங்கள் நிலக்கீழ் அறைத் தரையில் கொட்டும். மூடியைப் பூட்டி வைப்பது போதாது. குழாயையும் அதன் பக்கத்திலிருக்கும் காற்றுக்குழாயையும் சுவரிலிருந்து முழுதாக உருவி எடுத்து, இரண்டு துளைகளையும் சீமெந்தால் அடைத்து, அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.